டொமினிக் செய்த கைப்பிடி

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல், நண்பகல் நெருங்கியும் வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பெங்களூரில் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தின் தரை நசநசத்துக் கிடந்தது. சந்தாபுராவிலிருந்து பேருந்து மாறி வந்து இறங்கிய டொமினிக், கடைவீதிக் கூட்டத்தில் குடையை விரிக்க வழியில்லாமல் நனைந்துகொண்டே நடந்து, மாடிப்படி ஏறி, கஸ்தூரிரங்கனின் வீடியோ நிலையத்துக்குள் நுழைந்தான். நுழைந்ததும் அவனுடைய கண்கள் வழக்கம்போல் இடப்பக்க அலமாரிக்குப் போயின. பெரிய கேமரா அங்கே இல்லை.

"பெரிசைக் கொடுத்துட்டேன் டொமினிக்," என்றார் கஸ்தூரிரங்கன். "ஹாசன் ஊர்க்காரன் ஒருத்தன் வந்து எடுத்துண்டு போயிட்டான். இனிமே இதுதான் நமக்கு."

மேசைமேல் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் ஒரு சிறிய கேமராவை வைத்திருந்தார். ஒரு கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

"தூக்கிப் பாரு. பஞ்சு மாதிரி இருக்கு. உனக்குத் தோள்வலி மிச்சம்."

"கை ஈரமா இருக்கு சார். அப்பறமா பார்க்கறேன்," என்றான் டொமினிக்.

கை ஈரமாக இருந்தது உண்மைதான். ஆனால் கேமராவைத் தொடாததற்குக் காரணம் அதுவன்று.

டொமினிக்கின் வலக்கை நடுங்கும். கோலார் தங்கவயலில் பத்து ஆண்டுகள் நிலத்துக்கடியில் பாறை துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்தவன் அவன். அந்த அதிர்வு கைக்குள் தங்கிவிட்டது என்று அவன் நம்பினான். ஆஸ்பத்திரி மருத்துவரோ, அதனாலும் இருக்கலாம், பிறவிக் கூறாகவும் இருக்கலாம் என்று சொல்லி, ஒரு தாளைக் கொடுத்துச் சுருள்கோடு வரையச் சொன்னார். அவன் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "இது உயிரை வாங்காது, ஆனா உன்னை விட்டும் போகாது," என்றார். கொடுத்த மாத்திரைகள் தூக்கத்தைத்தான் கொடுத்தன.

சுரங்க வேலையை விட்ட பிறகு, தங்கவயலிலேயே ஒரு புகைப்பட நிலையத்தில் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டு பெங்களூருக்கு வந்தான். எட்டு ஆண்டுகளாகக் கஸ்தூரிரங்கனிடம் வேலை. தோளில் ஏற்றி வைக்கும் அந்தப் பெரிய கேமராதான் இத்தனை காலமும் அவனைக் காப்பாற்றியது. அதன் பாரத்தைத் தோள் வாங்கிக்கொள்ளும். அதன் விலாவில் கன்னத்தை அழுத்திக்கொள்ளலாம். கைக்கு அதில் பெரிய வேலையே இல்லை. ஆகவே அவனுடைய படங்களைப் பார்த்தவர்கள் கையைப் பற்றி நினைத்ததே இல்லை.

மற்ற இடங்களில் அவனே பார்த்துப் பார்த்து மறைத்தான். காப்பியை மேசையில் வைத்து ஆறவிட்டு, யாரும் பாராத நேரத்தில் இரு கைகளாலும் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிடுவான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே மாட்டான். சமையற்கட்டின் பின்புறம் போய், தயிர்சாதத்தை உருட்டி நின்றவாக்கில் விழுங்கிவிட்டு வருவான். "எங்க டொமினிக்குக் காரியம்னு வந்துட்டா சோறு நினைவே வராது," என்று கஸ்தூரிரங்கன் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவனுடைய மனைவி ஜோசபின். பொம்மசந்திரத்தில் ஒரு பேனா ஆலையில் அவள் வேலை செய்துவந்தாள். வீட்டில் அவனுக்கு மட்டும் அரை டம்ளர் காப்பிதான் ஊற்றுவாள். காரணத்தை அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

புதிய கேமராவில் எடுத்த முதல் கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தபோது, மாலை மாற்றும் இடம் வந்ததும் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னப்பா இது, மாப்பிள்ளைக்குக் குளிர் ஜுரமா?"

"கேமரா புதுசு சார். இன்னும் கைக்குப் பழகலை."

இரண்டாம் கல்யாணத்தின் கேசட்டைப் பெண்ணின் தகப்பனாரே திரும்பக் கொண்டுவந்தார். "ரங்கன் சார், எங்க மண்டபத்துல பூகம்பம் வந்த சமாசாரம் எனக்கே தெரியாம போச்சே," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கேசட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை கஸ்தூரிரங்கனும் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இன்னும் ஒரு கல்யாணம் பாக்கறேன் டொமினிக். அதுவும் இப்படித்தான்னா, நோயலை எடுக்கச் சொல்லவேண்டியதுதான். எனக்கு வேற வழி இல்லை."

நோயல் அந்த நிலையத்தில் விளக்குப் பிடிப்பவன், முப்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கேமராவுக்குப் பின்னால் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நான்கு ஆண்டுகளாக நடந்தவன். அன்று அவன் மூலையில் உட்கார்ந்து கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான். காது கேளாதவனைப் போல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு டொமினிக்குக் கஸ்தூரிரங்கனின் பேச்சைவிட அதிகமாக வலித்தது.

மூன்று கால் தாங்கியில் கேமராவை நிறுத்திவிட்டால் நடுக்கம் இராது. ஆனால் கல்யாண மேடையில் அதற்கு இடம் ஏது? முகூர்த்த நேரத்தில் உறவினர் அனைவரும் எழுந்து மேடையை நெருங்கிவிடுவார்கள். தாங்கியை வைத்துவிட்டு நின்றால் முதுகுகள்தாம் படமாகும். கேமரா கையிலே இருக்கவேண்டும், கூட்டத்துக்குள்ளே புகவேண்டும். அதுதான் அந்தத் தொழில்.

அதற்கு வழி காட்டியது ஒரு தண்ணீர்க் குடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலிலிருந்து திரும்பியபின், டொமினிக் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தான். வாசலில் நின்ற ஜோசபின் அவனை நிறுத்தினாள்.

"இன்னாங்க, அப்படியே நில்லுங்க."

"எதுக்கு? கை ஒடியுது."

"நில்லுங்கன்றேன். கையப் பாருங்க. ஆடுதா?"

ஆடவில்லை. குடத்தின் கழுத்தைப் பற்றிய விரல்கள் கல்லில் செதுக்கியவை போல் இருந்தன.

"இப்ப கொடத்த எறக்கிட்டு, இந்தச் சொம்பத் தூக்குங்க."

தூக்கினான். சொம்பு ஆடியது.

"பாத்தீங்களா? பாரம் இருந்தா அடங்குது. லேசா இருந்தாத்தான் அதுக்குக் கொழுப்பு," என்றாள் ஜோசபின், அந்தக் கையை வேண்டாத விருந்தாளியைப் போல் முறைத்துப் பார்த்து.

அன்று மாலையே டொமினிக் அவளுடைய அண்ணன் பால்ராஜைப் பார்க்கப் போனான். பால்ராஜ் பொம்மசந்திரத்தில் ஒரு சிறிய கடைசல் பட்டறை வைத்திருந்தான். கேமராவைக் கனமாக்கும் ஒரு கைப்பிடி வேண்டும் என்று டொமினிக் சொன்னதும், அவன் தன் மைத்துனனை மேலும் கீழும் பார்த்தான்.

"எல்லாரும் எடையக் குறைக்கச் சொல்லி வருவாங்க மாப்ளே. ஏத்தச் சொல்லி வந்த மொத ஆளு நீதான்."

எதற்காக என்பதை டொமினிக் அவனிடமும் சொல்லவில்லை. படம் நன்றாக வருவதற்கு என்று மட்டும் சொன்னான்.

முதலில், கேமராவுக்கு அடியில் ஓர் இரும்புக் கட்டையைத் திருகிப் பார்த்தார்கள். நடுக்கம் அடங்கியது, ஆனால் நடக்கும்போது படம் இடமும் வலமுமாகப் படகைப் போல் சாய்ந்தது. அடுத்து, கட்டையை எடுத்துவிட்டு, ஒரு முழ நீளத்துக்குக் குழாய் ஒன்றைக் கீழே தொங்கவிட்டு, அதன் நுனியில் பாரத்தைக் கட்டினார்கள். சாய்வு போயிற்று, ஆனால் காலடி ஒவ்வொன்றும் படத்தில் தெரிந்தது. கைக்கும் குழாய்க்கும் நடுவில் எப்பக்கமும் திரும்பக்கூடிய ஒரு மூட்டு இருந்தால்தான் காலடியின் அதிர்வு மேலே ஏறாது என்பது டொமினிக்குப் புரிந்தது.

அந்த மூட்டைத் தேடிச் சிவாஜிநகரில் பழைய இரும்பு விற்கும் குஜரிச் சந்துகளில் அலைந்தான். காரின் ஸ்டீயரிங்கில் வரும் பந்துமூட்டு ஒன்று கிடைத்தது. அது கார்ச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது, இறுகிக் கிடந்தது. பால்ராஜ் அதற்குள் அரைப்புப் பசையைத் தடவி, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, ஊதினால் திரும்பும் அளவுக்கு இளக்கிக் கொடுத்தான். கேமராவின் அடித்துளையோ அங்குலக் கணக்கு. பட்டறையில் இருந்த போல்ட்டுகள் அனைத்தும் மில்லிமீட்டர்க் கணக்கு. உடைந்த தாங்கி ஒன்றை அதே குஜரியில் வாங்கி, அதன் தலையிலிருந்து போல்ட்டைப் பிடுங்கிப் பொருத்தினார்கள். கைபிடிக்கும் இடத்துக்கு ஸ்கூட்டர் ரப்பர் உறை.

மிஞ்சியது பாரம். கேமராவில் பெரிய பேட்டரியைப் போட்டால் ஓர் எடை, சிறியதைப் போட்டால் ஓர் எடை. ஆகவே கூட்டிக் குறைக்கக்கூடிய பாரமாக இருக்கவேண்டும். அதற்குத் தராசுக் கற்களைவிடப் பொருத்தமானவை எவை? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டொமினிக் வழக்கமாக ஆட்டுக்கறி வாங்கும் கடையின் பாய், புதிய தராசுக்கு மாறியிருந்தார். பழைய இரும்புக் கற்கள் கடையின் மூலையில் கிடந்தன. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"லே ஜாவ் பாய், எடுத்துட்டுப் போ. ஏன் இதுக்குப்போய் கெஞ்சறே?"

எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்த அந்தக் கற்களை டொமினிக் சோடா உப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான். குழாயின் நுனியில் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினான்.

"ஏன் மாப்ளே, இந்தக் கல்லு எத்தினி ஆட்டப் பாத்திருக்கும். இப்ப கல்யாணம் பாக்கப் போவுது," என்றான் பால்ராஜ்.

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்."

"இத எந்தங்கச்சிகிட்ட சொல்லட்டா?"

கற்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்துவிடலாம் என்று பால்ராஜ் சொன்னான். எடையை இன்னும் மாற்றிப் பார்க்க வேண்டியிருந்ததால், பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று டொமினிக் தள்ளிப்போட்டான். பிறகு அடிக்கவேயில்லை.

ஆவணி மாதத்து முதல் கல்யாணம் ஜெயநகரில். மண்டப வாயிலிலிருந்து, நாதசுரக்காரர்களைக் கடந்து, கோலத்தைத் தாண்டி, கூட்டத்தின் நடுவே புகுந்து, மேடைப்படி ஏறி, மணப்பெண்ணின் முகத்துக்கு எதிரே போய் நிற்கும் வரை படம் ஓர் இடத்திலும் அசையவில்லை. தண்ணீரில் மிதந்து வந்ததைப் போல் வந்தது. கஸ்தூரிரங்கன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"எப்படிப்பா பண்ணினே இதை?"

"ஒரு கைப்பிடி செஞ்சிருக்கேன் சார். படம் நல்லா வருது."

அவர் அந்தக் கைப்பிடிக் கம்பியைக் கையில் வாங்கி, கீழே தொங்கிய கற்களைப் பார்த்துச் சிரித்தார். "காய்கறிக் கடைய வேற சேர்த்து ஆரம்பிச்சுட்டியா?" என்றார். காய்கறிக் கடை இல்லை என்று சொல்ல டொமினிக்குத் தோன்றவில்லை. கல் என்றால் அவனுக்குக் கல்தான்.

அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவனுக்கு ஓய்வே இல்லை. 'மிதக்கிற படம்' வேண்டும் என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். கை மேசைமேல் காப்பி டம்ளரோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கம்பியைப் பிடித்தவுடன் அடங்கியது. வலி தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கியிருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒரே ஒரு காரியத்தில் அவன் கறாராக இருந்தான். கம்பியை வேறு யாரையும் தொட விடமாட்டான்.

"ஒருதரம் குடுங்கண்ணா, புடிச்சுப் பாக்கறேன்," என்று நோயல் பலமுறை கேட்டான்.

"பழக்கம் வேணும்பா. கவுந்துடும்."

"அப்படி என்னதான் மந்திரம் போட்டு வெச்சிருக்கீங்களோ."

கவிழாது என்று டொமினிக்குத் தெரியும். யார் பிடித்தாலும் அது நேராகத்தான் நிற்கும். அதனால்தான் கொடுக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் பாகீரதி அம்மாள் நிலையத்துக்கு வந்தார். மல்லேசுவரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தகப்பனாரும் தமையனாரும் மைசூர் அரசு வேலையிலும் பிறகு மாநில அரசு வேலையிலும் இருந்தவர்கள். மகள் ஸ்ரீரஞ்சனியின் கல்யாணம் தை மாதத்தில். அவர் போனபின் கஸ்தூரிரங்கன் டொமினிக்கை உட்காரவைத்துப் பேசினார்.

"இந்தக் கல்யாணத்துக்கு வரப்போறவா வீட்டுல மட்டும் ஏழெட்டுக் கல்யாணம் காத்திண்டிருக்கு. இது நன்னா வந்தாச்சுன்னா வருஷம் பூராவும் நமக்குத்தான். உன் கம்பியை நம்பித்தான் ஒத்துண்டிருக்கேன்."

கல்யாண நாளன்று காலையில் மல்லேசுவரம் பனியில் மூழ்கிக் கிடந்தது. மண்டபத்துக்குள் ஹோமப் புகையும் காப்பி மணமும் நிறைந்திருந்தன. டொமினிக் விடியலிலிருந்து மேடையைச் சுற்றிக்கொண்டிருந்தான். காசி யாத்திரை முடிந்தது, ஊஞ்சல் முடிந்தது, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். முகூர்த்தத்துக்குச் சிறிது நேரம் இருந்தது. டொமினிக் பேட்டரியை மாற்றுவதற்காகக் கேமராவைக் கழற்றிக்கொண்டு, கம்பியை மேடையோரத்து நாற்காலியில் சாய்த்தான்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சுந்தரராமன், பாகீரதி அம்மாளின் தமையனார், மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். எடை அளவைத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் கடைகடையாக ஏறித் தராசுகளையும் கற்களையும் சோதித்து முத்திரை குத்திய மனிதர், காலடியில் ஒரு கல்லைக் கண்டால் சும்மா இருப்பாரா? கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்னப்பா இது? அரைக்கிலோக் கல்லுன்னா தொங்கறது?"

"பேலன்ஸுக்கு சார்."

அவர் கல்லைத் திருப்பினார். அதன் அடியில் ஈயம் ஊற்றி அடைத்த குழியில் முத்திரை இருந்தது. விரலால் தடவிப் பார்த்தவரின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அடடா, இது என் நம்பர்னா. நான் குத்தின முத்திரை. பாகீ, இங்க வா. உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் முத்திரையும் வந்திருக்கு பாரு."

பாகீரதி அம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். "எந்தக் கடைக் கல்லுண்ணா அது?"

"ஓரத்துல பிறை போட்டிருக்கு பாரு, அவன் அடையாளம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற பாய். ரொம்ப நேர்மையான மனுஷன். ஒரு வருஷம்கூட முத்திரைக்கு லேட்டா வந்ததில்லை."

"பாய் என்ன கடை வெச்சிருக்கார்?"

சுந்தரராமனுடைய விரல் ஈயத்தின்மேல் நின்றது. சொல்லியபின்தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. அவர் பொய் பேசிப் பழகியவர் அல்லர்.

"ஆட்டுக்கறிதான்," என்றார் தணிந்த குரலில். "மாட்டுக்கறி இல்லை."

பாகீரதி அம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவர் ஹோமகுண்டத்தைப் பார்த்தார். தாலி வைத்திருந்த தட்டைப் பார்த்தார். விடியலிலிருந்து இவற்றின்மேல் எல்லாம் ஊசலாடிய அந்தக் கம்பியைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"கஸ்தூரிரங்கனைக் கூப்பிடுங்கோ."

வந்தவருக்கு விஷயத்தைச் சொன்னவுடன் முகம் வெளுத்தது.

"டொமினிக், நிஜமா?"

"கழுவித்தான் சார் போட்டேன். சோடா உப்புப் போட்டுக் கழுவினேன்."

"கழுவினானாம்," என்றார் பாகீரதி அம்மாள்.

"தெரியாமப் பண்ணிட்டான், விடுங்கோ," என்றார் சுந்தரராமன். அவர் பேச்சு எடுபடவில்லை. புரோகிதர் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, முகூர்த்தம் தவறக்கூடாது, ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். பாகீரதி அம்மாள் ஒன்றே ஒன்று சொன்னார்: அந்தக் கம்பி உள்ளே இருக்கக்கூடாது.

"அம்மா, கல்லை மட்டும் கழட்டிடறேன்," என்றான் டொமினிக். "அதுக்குப் பதிலா ரெண்டு தேங்கா கட்டிக்கறேன். அதே வெயிட்டு வந்துடும்."

மாப்பிள்ளை வீட்டு இளைஞர் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் அவனுடைய தோளைப் பிடித்துத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மானத்தை வாங்காதே. கையிலே பிடிச்சு எடு. ஊர்ல மத்தவாள்லாம் எப்படி எடுக்கறா?"

நோயல் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செருப்புகள் விடும் இடத்தில் சாய்த்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் டொமினிக்கின் காதருகில் கேட்டான்.

"அண்ணா, வேணும்னா நான் எடுக்கட்டா?"

அப்போது கொடுத்திருக்கலாம். வயிற்றுவலி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தாலி கட்டும் படமாவது தப்பியிருக்கும். ஆனால் ஒருமுறை கேமரா நோயலின் கைக்குப் போனால் திரும்பி வராது என்பது டொமினிக்கின் மனத்தில் ஊறிக் கிடந்தது.

"லைட்ட ஒழுங்காப் புடி," என்றான்.

மேடையேறினான். இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். முழங்கையைப் பந்தற்காலில் ஊன்றினான். மூச்சை அடக்கினான். கெட்டிமேளம் முழங்கியது. உறவினர்கள் எழுந்து நெருங்கினார்கள். யாரோ ஒருவருடைய தோள் இடித்து முழங்கை பந்தற்காலிலிருந்து நழுவியது. அதன்பிறகு பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கேமராவின் சின்னக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் கையும் மஞ்சள் சரடும் பெண்ணின் குனிந்த கழுத்தும் நடுநடுங்கின. அடக்க அடக்க நடுக்கம் அதிகமாயிற்று. மூன்றாவது முடிச்சைப் போட வந்த நாத்தனாரின் விரல்கள் எவையென்றே தெரியவில்லை. அட்சதை விழுந்துகொண்டிருந்தபோது, முடிந்துவிட்டது என்று டொமினிக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் கடைசிவரை எடுத்தான். சாப்பிடாமல் வீட்டுக்குப் போனான்.

அந்த வார இறுதியில் கஸ்தூரிரங்கன் ஆள் அனுப்பினார். டொமினிக் போனபோது நோயலும் அங்கே இருந்தான். தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டும் இடம் வந்ததும் கஸ்தூரிரங்கன் படத்தை நிறுத்தினார்.

"பாகீரதி அம்மா பாத்துட்டா. ஒண்ணும் சொல்லலை. கேசட்டை வெச்சுட்டு அழுதுண்டே போயிட்டா. திட்டியிருந்தா தேவலை."

டொமினிக் நின்றுகொண்டிருந்தான்.

"கையைக் காட்டு."

நீட்டினான். மூவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். வெளியே பேருந்து நடத்துநர் ஒருவர் "யஷ்வந்த்பூர், யஷ்வந்த்பூர்" என்று கூவிக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து?"

"சுரங்கத்துல இருந்தப்பலேருந்து சார்."

"என்கிட்ட வந்து சேர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் டொமினிக் மேசைக்கு அந்தப்பக்கம் சாய்த்து வைத்திருந்த தன் கம்பியைப் பார்த்தான். மண்டபத்துச் செருப்புகளுக்கு நடுவில் அவன் விட்டுவந்த கம்பி. துடைத்துப் பளபளவென்று இருந்தது. கறிக்கடைக் கற்கள் போய், புத்தம்புதிய கற்கள் தொங்கின. அவற்றில் குங்குமம் இட்டிருந்தார்கள்.

"நோயல், பிடிச்சுக் காட்டு," என்றார் கஸ்தூரிரங்கன்.

நோயல் டொமினிக்கின் முகத்தைப் பாராமல் கம்பியைக் கையில் எடுத்தான். தொலைக்காட்சியோடு கேமராவை இணைத்திருந்தார்கள். அவன் அறைக்குள் மெல்ல நடந்தான். திரையில் அலமாரியும் நாட்காட்டியும் சன்னலும் வழுக்கிக்கொண்டு போயின. ஒரு சிறு அசைவு இல்லை. டொமினிக் எடுத்ததைவிட நன்றாகவே இருந்தது. அவனுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்தது. அறையைச் சுற்றி வந்த கேமரா அவனுக்கு எதிரே வந்து ஒரு கணம் தயங்கியது. திரையில் அவனுடைய முகம் தெளிவாக, அசையாமல் நின்றது. நோயல் கேமராவைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இனிமே கேமரா நோயல்கிட்ட இருக்கட்டும். கம்பி இங்கேயே இருக்கட்டும்," என்றார் கஸ்தூரிரங்கன்.

"அது நான் செஞ்சது சார்."

"என் கேமராவுக்குத்தானே செஞ்சே? கேமரா இல்லாம உன் வீட்டுல அதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறே?"

கஸ்தூரிரங்கன் கெட்ட மனிதர் அல்லர். எட்டு ஆண்டுகள் கூடவே நடந்தவனை அப்படி நிற்கவைத்துப் பார்ப்பது அவருக்கும் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரவில்லை. அவருடைய குரல் இறங்கியது.

"உன்னை நான் போன்னு சொல்லலை, டொமினிக். நோயல் கேமராவுக்கு வந்துட்டா அவன் எடம் காலியாத்தானே இருக்கு? நெத்திக்கு நேரா தூக்கிப் பிடிச்சுண்டு நின்னா போதும். லைட்டாவது பிடிப்பியா?"

மூலையில் ஹாலஜன் விளக்கு கிடந்தது. மெல்லிய அலுமினியக் குழாயில் தகரக் குவளை போல் ஒன்று, எடையே இல்லாதது.

"லைட்டும் ஆடும் சார்," என்றான் டொமினிக்.